அம்பாசிடரின் மூக்கில் ஏழு முடிச்சு

கள்ளக்குறிச்சி டாக்சி ஸ்டாண்டில் பொன்னுரங்கத்துக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. இருபது வருஷத்தில் ஒருவரைக்கூட நடுவழியில் இறக்கிவிட்டதில்லை. அந்தப் பெருமைக்கு எண்பத்து மூன்றாம் வருஷம் ஆபத்து வந்தது. அவருடைய பழைய அம்பாசிடருக்கு இழுவை போய்விட்டது. சமதரையில் ஓடும், மேட்டைக் கண்டால் கரும்புகை கக்கிக்கொண்டு முக்கும். பிளக்கை மாற்றினார், பாயிண்ட்டைத் தேய்த்தார், பெட்ரோல் பம்பைக் கழற்றி மாட்டினார். வண்டி மசியவில்லை.

தியாகதுருகம் மெக்கானிக் நாராயணசாமி கார்புரேட்டரைப் பார்ப்பதற்காக, அதன் தலைமேல் குந்தியிருக்கும், இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டுகிற ஏர் பில்டர் டப்பாவைக் கழற்றி ஓரமாக வைப்பார். உடனே இன்ஜின் உறுமும். "சிங்கமாட்டம் கீதேப்பா!" என்று டப்பாவை மறுபடி மாட்டி அனுப்புவார். ஊர் தாண்டியதும் சிங்கம் முக்கத் தொடங்கும். நாலு தடவை இதே கூத்து. அந்த டப்பா, பொன்னுரங்கமே தன் கையால் கழுவி மூடியது. அதை யார் சந்தேகப்படுவார்கள்?

அந்த நேரம் பார்த்து, மைத்துனன் சின்னதுரைக்கு மலைமேல் இருக்கும் கரியாலூரில் கல்யாணம். பத்தரைக்கு முகூர்த்தம். "எம் மச்சான் வேற வண்டியில போனா எம் மானம் இன்னா ஆவறது?" என்று மாப்பிள்ளையையும் மனைவி ஜெயம்மாளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

மலையின் முதல் வளைவிலேயே வண்டி நின்றது. மணி ஒன்பது. பொன்னுரங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது. மிச்சம் இருந்தது அந்த டப்பா ஒன்றுதான். ஆத்திரத்தில் அதையும் திறந்தார். உள்ளே ஏழு மஞ்சள் துணி முடிச்சுகள், கொழுக்கட்டை அடுக்கியதுபோல் நெருக்கிக்கொண்டு இருந்தன.

"இன்னாடி இது?"

"வேண்டுதலுங்க," என்றாள் ஜெயம்மாள், கொஞ்சமும் கூசாமல். "இதான் வண்டிக்கு மூக்குன்னு நீங்கதான காட்டினீங்க? நல்லா மலையேறணும்னு அம்மனுக்கு ஒரு காசு முடிஞ்சு வெச்சேன். இழுவ கம்மியாயிடுச்சின்னீங்க. இன்னொண்ணு வெச்சேன். இன்னும் கம்மின்னீங்க..."

"மூக்க அடைச்சிட்டா மூச்சு எப்பிடிடி வுடும்?"

"ஐயோ, தொடாதீங்க! மலையேறினாத்தான் அவுக்கணும். நடுவுல எடுத்தா தம்பிக்கு ஆவாது."

எடுத்தால்தான் வண்டி ஏறும், ஏறினால்தான் எடுக்கலாம். பொன்னுரங்கம் தலையில் கை வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தார்.

"மாமா, டப்பாவோட கழட்டி மடியில வெச்சிக்கினு வரட்டா?" என்றான் மாப்பிள்ளை.

"வெச்ச எடத்த வுட்டு நவுத்தப்படாது," என்றாள் அக்கா.

ரிவர்ஸ் கியருக்கு இழுவை கொஞ்சம் ஜாஸ்தி என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. வண்டியைத் திருப்பினார். கழுத்தை ஒடித்துப் பின்னால் பார்த்தபடி, வளைவு வளைவாகப் பின்பக்கமாகவே மலையேறினார்.

கரியாலூரில் பெண்வீட்டார் கண்ணில் பட்டது, மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்துப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்த மாப்பிள்ளை வண்டி. "ஐயோ, மாப்பிள்ள திரும்பிப் போறாரே!" என்று பெண்ணின் அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். பந்தலே மறிக்க ஓடி வந்தது. வந்தவர்கள் மேல் வண்டியின் முதுகு மெல்ல வந்து இடித்து நின்றது. மணி பத்து இருபது.

தாலி ஏறியதும் ஜெயம்மாள் ஏழு முடிச்சையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். பொன்னுரங்கம் பந்தலுக்குப் பின்னால் இருந்த செங்குத்து மேட்டில் வண்டியை விட்டுப் பார்த்தார். பறந்தது.

"பாத்தீங்களா? அம்மன் கைவுடல."

திட்ட வாயெடுத்தார். ஆனால் அவள் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"தம்பிக்குச் சீக்கிரம் ஒரு கொழந்த பொறக்கணும்னு ஒண்ணு முடியணுங்க," என்றாள் அவள். "எங்க வெக்கறது?"

"எங்க வேணா வெய்யி. அவன் மூக்குல மட்டும் வெச்சிடாத."