சேவல் இல்லாத ஊர்

கோழி வளர்த்து வறுமையை ஒழிக்கும் உத்தியோகம் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். கிராம முன்னேற்றம் என்று சொல்லிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் அலைந்த என் சக பாவிகள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு மட்டும் சிரிப்பு வராது.

கோழி உபதேசியார்

யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தி, திருவனந்தபுரத்தில் ஒரு கிராம சேவைச் சங்கத்தில் சேர்ந்தேன். நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே ஒரு பனங்காட்டு ஊரை என் தலையில் கட்டினார்கள். வீட்டுக்கு வீடு கூடு கட்டவைத்து, வெள்ளைக்கோழி கொடுத்து, முட்டைகளைச் சேர்த்து பஸ்ஸில் பட்டணத்துத் தம்பானூர் ஹோட்டல்களுக்கு அனுப்பவேண்டும். ஊரில் பாதிப்பேர் கிறிஸ்தவ சபைக்காரர்கள். வேதம் சொல்ல அவர்களுக்கு ஏற்கெனவே ஓர் உபதேசியார் இருந்ததால், எனக்குக் கோழி உபதேசியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் கூடு செல்லம்மை வீட்டில். புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்துப்போனவன். இரண்டும் பெண் குழந்தைகள். பொன்முடித் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி அவள் வாசலையே சுற்றிக்கொண்டிருந்தான். அவளுடைய அக்காள் அந்த மலைக்குப் போய், காய்ச்சல் கண்டு, கூலிகள் தங்கும் லயத்திலேயே உயிரை விட்டவள். கோழியைக் கையில் வாங்கிக்கொண்டு செல்லம்மை கேட்டாள்: "சாரே, இது முட்டையிட்டா நான் பிள்ளியளக் கூட்டிட்டு மலைக்குப் போவண்டாம் இல்லியா?"

சேவல் விருந்து

சேவல் சேராத முட்டையில் கரு இருக்காது. வெயிலிலும் சீக்கிரம் கெடாது. ஆகையால் ஊரில் ஒரு சேவல்கூட இருக்கக்கூடாது என்று எங்கள் செக்ரட்டரி உத்தரவு போட்டார். கோட்டைக்குள் அக்கிரகாரத்துக்காரர், ஜன்மத்தில் முட்டையைத் தொட்டதில்லை. குஞ்சுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "அதுக்கு நம்ம பண்ணை இருக்கே ஓய், வருஷா வருஷம் பெட்டைக்கோழி நாம அனுப்பிச்சுடுவோம்," என்றார்.

அடி விழுமோ என்ற பயத்தோடுதான் ஊரில் இதைச் சொன்னேன். ஊரோ சந்தோஷத்தில் குதித்தது. மாடனுக்கு நேர்ந்துவிட்ட சேவல்களைக்கூட, கோயில் கொடைக்குக் காத்திராமல் முன்கூட்டியே வெட்டிப் படைத்துவிட்டார்கள். சபைக்காரர்கள் ஜெபம் பண்ணிவிட்டு வெட்டினார்கள். பக்கத்து ஊர்களிலும் சங்கம் இருந்ததால் அங்கேயும் இதே திருவிழா. பனையேறி ஒருவர் எலும்பைக் கடித்தபடி என்னைக் கேட்டார்: "இதுபோல நல்ல திட்டம் இனி எப்ப சாரே வரும்?"

தம்பானூர் முட்டை

சும்மா சொல்லக்கூடாது, கொஞ்ச காலம் நன்றாகவே நடந்தது. செல்லம்மை வீட்டுக் கூரைக்குப் புது ஓலை ஏறியது. கங்காணி அந்தப் பக்கம் வருவதை விட்டான். ஒருநாள் இளைய மகள் சோர்ந்து கிடந்தாள். வெறும் கப்பைக்கிழங்கு தின்றே வளர்ந்த உடம்பு. முட்டை உடம்புக்கு நல்லது என்று நான் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்த காலம் அது. ஒன்று அவித்துக் கொடேன் என்றேன். செல்லம்மை கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இது தம்பானூருக்குப் போவதாக்கும் சாரே. நாங்க தின்னத் தொடங்கினா பின்ன மலைக்குத்தான் போவணும்."

கழிச்சல்

யுத்தம் முற்றி, பர்மா அரிசி வருவது நின்றது. மனுஷனுக்கே தானியம் இல்லை, கோழிக்கு ஏது என்று சங்கத்துப் பண்ணையை மூடினார்கள். அந்தச் சமயம் பார்த்துக் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்தது. காலையில் இரை பொறுக்கிய கோழி மாலையில் கழுத்தைத் தொங்கப்போட்டுச் செத்தது. ஊரே குழி தோண்டியது. செல்லம்மையிடம் வெள்ளைக்கோழிகளோடு திரிந்த ஒரு நாட்டுப்பெட்டை மட்டும் தப்பி, அடைக்கும் உட்கார்ந்தது. ஆனால் அதன் கீழே வைக்கக் கரு உள்ள முட்டைக்கு எங்கே போவது? சுற்றுவட்டாரத்தில் எங்கேயும் சேவல் கூவவில்லை. எங்கள் திட்டம் அவ்வளவு நன்றாகப் பரவியிருந்தது.

பட்டணத்துக்கு ஓடினேன். மரியாதையை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, செக்ரட்டரியிடம் வாயில் வந்தபடி கத்தினேன். அவர் மூக்குப்பொடி டப்பாவை நிதானமாக மூடினார். "சேவல் வேண்டாம்னு நான் சொன்னது கோழி இருக்கறச்சே ஓய்!"

விழிஞ்ஞத்து முட்டை

நல்லவேளை, விழிஞ்ஞம் கடற்கரைக்குள் எங்கள் சங்கம் நுழைந்திருக்கவில்லை. அங்கே சேவல்கள் உயிரோடு இருந்தன. சேவலைக் கொடுக்க யாரும் சம்மதிக்கவில்லை. மீன் விற்கும் அம்மாள் ஒருத்தியிடம் கெஞ்சிக் கூத்தாடி, கரு உள்ள முட்டைகளை வாங்கி, உமியில் பொதிந்து, கரிப்புகை கக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். செல்லம்மை அவற்றை அடைக்கோழிக்கு வைத்தபோது அவளும் பிள்ளைகளும் நானும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். குஞ்சு பொரித்தால் சேவலும் வரும், பெட்டையும் வரும். ஊருக்கே திரும்ப ஒரு வழி பிறக்கும்.

அடுத்த வாரம் போனேன். கோழி வெறும் உமியின்மேல் உட்கார்ந்திருந்தது. இளையவள் அடுப்பருகே படுத்திருந்தாள். பட்டினியில் கால் இரண்டும் வீங்கியிருந்தன. முட்டை ஓடுகள் சாம்பலில் கிடந்தன. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. செல்லம்மை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "குஞ்சு பொரியுறதுவர எனக்க பிள்ளிய உசிரோட இருக்கண்டாமா சாரே?"

மாதிரிக் கிராமம்

மூக்கில் வேர்த்ததுபோல் கங்காணி வந்து நின்றான். செல்லம்மை பிள்ளைகளோடு மலைக்குப் போனாள். போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லிவிட்டு அவளுக்கு எதைக் கொடுப்பது?

அவள் போன இரண்டாம் நாள், பட்டணத்துப் பெரிய மனிதர் ஒருவர் மாதிரிக் கிராமம் பார்க்க வந்தார். செல்லம்மையின் கோழிக்கூட்டைச் சுற்றி வந்தார். உள்ளே விரலால் தடவிப் பார்த்தார், தூசி இல்லை. புறப்பட்ட அன்றைக்கும் அவள் அதைப் பெருக்கி வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். வீட்டுக்காரி எங்கே என்று கேட்டார். தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டாள் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "பேஷ்! கோழியில ஆரம்பிச்சு எஸ்டேட் உத்தியோகம் வரைக்கும் வந்துட்டாளா?"

வறுமையை ஊரைவிட்டுத் துரத்தத்தான் எங்கள் சங்கம் பாடுபட்டது. ஊரைவிட்டுப் போனதென்னவோ ஏழைகள்தான்.