ஒரு பக்கம் மட்டும் போகிற வெளிச்சம்

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. இருந்தாலும் அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கேபிளுக்குள் இருக்கிற கண்ணாடி இழைகளை ஒட்டுவது அவள் தொழில். ஒட்டும்போதெல்லாம் இழையின் நுனியை நறுக்கி எடுக்க வேண்டும். அந்தத் துணுக்கு கண்ணுக்குத் தெரியாது, காலில் ஏறினால்தான் தெரியும். என் வீட்டில் அது ஏறாத கால் இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது ஒன்று ஈறில் குத்தி, ரத்தமும் எச்சிலுமாகத் துப்பிக்கொண்டு நின்றேன். அதிலிருந்து நான் சமைத்ததையே நான் நம்பிச் சாப்பிடுவதில்லை.

வஞ்சகம் இல்லாமல் சொன்னால் அந்தத் துணுக்குக்கு அவள் காரணமில்லை. அவள் ஒவ்வொன்றையும் டேப்பில் ஒட்டி எடுத்து, மூடி போட்ட டப்பாவில் போடுவாள். கண்ட இடத்தில் சிந்துகிறவர் என் வீட்டுக்காரர், அவளுடைய அண்ணன், கேபிள் போடுகிற கான்ட்ராக்டர். கேபிளுக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு ஜெல்லி அடைத்திருப்பார்கள். பார்த்தால் சளி மாதிரியே இருக்கும், ஒட்டினால் லேசில் போகாது. அந்தக் கையை ஜன்னல் திரையில் துடைத்துவிட்டு அதே கையால் சாப்பிட உட்காருகிற மனுஷன் அவர். சீ, நினைத்தாலே குமட்டுகிறது.

அவள் கதை ஊர் உலகத்தில் நடக்காதது இல்லை. கட்டினவன் இன்னொருத்தியோடு போய்விட்டான். கைக்குழந்தையோடு வந்து நின்றவளுக்கு அண்ணன் மாடி அறையைக் கொடுத்தார். பாசத்தில் பாதி, கணக்கில் பாதி. வெளி ஆள் வைத்து இழை ஒட்டினால் கூலி கொடுக்க வேண்டும், தங்கைக்குச் சோறு போட்டால் போதும். அந்த அறையிலும் கட்டில் போக மிச்ச இடமெல்லாம் கேபிள் சுருள்தான். மேலே தாயும் மகளும் நடந்தால் கீழே எனக்குத் தலைவலி. எப்போது காலி செய்வாள் என்று நான் ஏங்காத நாள் கிடையாது.

அவள் மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டுக் கேட்டே எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. மஞ்சள் உறை போட்டது சிங்கிள் மோடு. அதில் வெளிச்சம் போகிற வழி தலைமுடியைவிட மெல்லிசு, ஆனால் ஊர்விட்டு ஊர் போகும். ஆரஞ்சு என்றால் மல்டிமோடு. வழி அகலம், வெளிச்சம் பல பாதையில் முட்டி மோதிப் போவதால் ஒரு கட்டடத்துக்குள் ஓடினால் அதுவே பெரிசு. வெளிர்நீலம் அதற்குத் தம்பி, கொஞ்சம் சுறுசுறுப்பானவன், கம்ப்யூட்டர்கள் அடுக்கிய அறைகளுக்கு. கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிடுவதற்குக் கூடவே இரும்புக் கம்பி சேர்ந்த கேபிள், வீட்டுக்குள் இன்டர்நெட் கொண்டுவர மெல்லிசான தட்டைக் கேபிள். மண்ணுக்குள் புதைக்க, எலி கடிக்காதபடி இரும்புத் தகடு சுற்றிய கறுப்புக் கேபிள். இந்தக் கறுப்பில்தான் வம்பு. உள்ளே ஓடுவது சிங்கிளா மல்டியா என்று வெளியே தெரியாது. உறைமேல் அச்சடித்த எழுத்தைப் படித்தால்தான் உண்டு.

அந்த எழுத்தை என் வீட்டுக்காரர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வேலை அது. சாலைக்கு இந்தப் பக்கம் ஸ்கேன் அறை, அந்தப் பக்கம் டாக்டர்கள் உட்காரும் கட்டடம். இங்கே நோயாளி இயந்திரத்துக்குள் படுத்திருக்கும்போதே படம் அங்கே போக வேண்டும், அடுத்து என்ன எடுப்பது என்று டாக்டர் சொல்வது இங்கே வர வேண்டும். முழுக்க சிங்கிள் மோடு போடுவதாகப் பேச்சு. ஸ்கேன் அறையிலிருந்து பாதி வழி வந்ததும் அது தீர்ந்துவிட்டது. வேறு இடத்தில் மீந்த மல்டிமோடு கையில் இருந்தது, மீதி வழிக்கு அதையே போட்டுவிட்டார். ஆசை யாரை விட்டது.

இரண்டும் சந்திக்கிற இடம் சாலை நடுவில் ஒரு குழி. ஆஸ்பத்திரித் துணி துவைத்த தண்ணீர் கசிந்து அதில் தேங்கியிருந்தது, மேலே கட்டுத்துணியும் முடியும் மிதந்தன. நான் சாப்பாடு கொண்டுபோனபோது அவள் குழி ஓரத்தில் ஒட்டும் இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். திரையில் இரண்டு இழையும் பெரிதாகத் தெரிந்தன. ஒன்றின் நடுவே மெல்லிய கோடு, மற்றதில் பட்டையான கோடு. இரண்டும் ஒட்டும், ஆனால் வெளிச்சம் ஒரு பக்கம்தான் போகும் என்று அண்ணனிடம் சொன்னாள். சின்னக் குழாயிலிருந்து பெரிய குழாய்க்குத் தண்ணீர் சிந்தாமல் போகும், பெரியதைச் சின்னதில் கவிழ்த்தால் முக்கால்வாசி வெளியேதான். ஸ்கேன் அறையிலிருந்து படம் போய்விடும், டாக்டரிடமிருந்து பதில் வராது.

"ஒட்டுறியா, இல்ல மாடியக் காலி பண்றியா?" என்றார் அவர்.

அவள் ஒட்டினாள். அந்தக் குழி நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொண்ட எனக்கு, கட்டின புருஷன் பக்கத்தில் நிற்க முடியவில்லை. கூடப்பிறந்தவளிடம் பேசுகிற பேச்சா அது?

ஒட்டியது சரியா என்று மறுநாள் சோதனை. ஒரு முனையிலிருந்து வெளிச்சம் அனுப்பி, மறுமுனையில் மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். மைனஸ் போட்டு ஒரு எண் காட்டும், எண் ஏற ஏற வெளிச்சம் மங்கல் என்று அர்த்தம். அவள் டாக்டர்கள் கட்டடத்தில், பக்கத்தில் ஆஸ்பத்திரி இன்ஜினியர். இவர் ஸ்கேன் அறையில். வேலையாள் வராததால் போனைப் பிடித்துக்கொள்ள என்னை இழுத்து வந்திருந்தார். இந்தப் பக்கத்திலிருந்து மட்டும் அனுப்பிக் காட்டிவிட்டு நடையைக் கட்டுவது அவர் திட்டம்.

அனுப்பினார். மைனஸ் ஆறு, நன்றாக இருக்கிறது என்று போனில் அவள் குரல் வந்தது. இன்ஜினியரும் சந்தோஷமாக ஏதோ சொன்னார். இவர் சாமானைக் கட்டத் தொடங்கினார்.

"இருங்கண்ணே. இப்ப நான் இங்கேருந்து அனுப்புறேன். அங்க எவ்வளவு வருதுன்னு சொல்லுங்க."

அவர் முகம் சுருங்கியது. இன்ஜினியர் காதில் விழும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மீட்டரை மாட்டினார். மைனஸ் இருபத்துநாலு. கொஞ்சம்கூடக் கூசாமல், "இங்கயும் மைனஸ் ஆறுதான்" என்றார்.

"அண்ணி, நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நானும் கேட்கும்படி நடந்துகொண்டதில்லை. உள்ளதைச் சொன்னால் அவள் போக்கிடம் போய்விடும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். என் வீட்டுக்காரர் ஜெல்லி பிசுபிசுத்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மைனஸ் இருபத்துநாலு," என்றேன்.

மொத்தக் கேபிளையும் பிடுங்கிப் புதிதாகப் போடச் சொல்லிவிட்டார் இன்ஜினியர். வீட்டுக்கு வந்ததும் இவர், பொழுது சாய்வதற்குள் அவளும் மகளும் கிளம்ப வேண்டும், போய்ச் சொல்லிவிட்டு வா என்றார். தங்கை முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கும் நான்தான் வேண்டும்.

மாடிக்குப் போனேன். அவள் ஏற்கெனவே பெட்டியை எடுத்து வைத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுருள்களைத் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"காலி பண்ணச் சொன்னாராண்ணி?"

"சொன்னாரு. தொழில் நொடிச்சாலும் வீடு போயிடக் கூடாதுன்னு இத என் பேருலதான் எழுதி வெச்சிருக்காரு. மறந்துட்டாரு போல, கீழ போயி ஞாபகப்படுத்தணும். நீ அந்தப் பெட்டிய உள்ள வை."