மொட்டை மாடிச் சாவி

தண்ணீர்த் தொட்டிக்குள் மீன் முள் கிடந்ததாக நான் சொன்னது பொய்.

முள்ளும் இல்லை, மீனும் இல்லை. தொட்டியின் மூடியை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம் சொல்லவில்லை. பூஜை அறையில் தனியாக நிற்கும்போதுகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் எங்கள் வளாகத்தில் குடியிருப்பவர் இல்லை என்கிற ஒரே தைரியத்தில்!

சிரிக்காதீர்கள். ஒரு மீன் முள்ளில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். அந்த முள்ளை வைத்துத்தான் ஒரு தாயை அவள் மகன் வாங்கிய வீட்டிலிருந்து நான் கிளப்பினேன்.

செங்கல்பட்டில் ஏரியைப் பார்த்தபடி நிற்கும் அடுக்குமாடி வளாகம் எங்களுடையது. மொட்டை மாடிக்குப் போனால் கொளவாய் ஏரியும், அதன் ஓரமாகப் போகிற மின்சார ரயிலும் தெரியும். நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. கணவர் காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறேன். ஒரே மகள், புனேயில்.

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தச் சங்கம் இல்லையென்றால் நான் என்றோ செத்திருப்பேன். குளியலறையில் வழுக்கி விழுந்தபோது அங்கே இருக்கும் அவசர மணியை அழுத்தினேன். காவலாளி ஓடி வந்து தூக்கினார். கோடையில் ஊரே குடத்தோடு அலையும்போது எங்கள் குழாயில் தண்ணீர் வரும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உறுமும். முன்பின் தெரியாதவன் ஒருவன் வாசல் கதவைத் தட்ட முடியாது.

தெரிந்தவரும் தட்டுவதில்லை, அது வேறு விஷயம். என்னைக் கவனித்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை.

இந்தச் சங்கத்தை என் கணவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. திருவிடந்தையில், கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு தோட்டம் வைத்த வீடு பார்த்து வைத்திருந்தார் அவர். கடல் காற்று வரும், கிணறு இருக்கிறது, கேட்பதற்கு ஆள் கிடையாது என்றார். வயதான காலத்தில் கிணற்றையும் காற்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? லிஃப்ட் வேண்டும், காவல் வேண்டும், பக்கத்தில் ஆஸ்பத்திரி வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஜெயித்தேன்!

வந்த முதல் வருஷமே மதில் ஓரமாக ஒரு முருங்கைக் கிளையை நட்டார். அது துளிர்த்து ஆள் உயரம் வந்ததும், கம்பளிப்பூச்சி வரும் என்று சங்கத்தில் வெட்டச் சொல்லிவிட்டார்கள். பால்கனியில் வேட்டி உலர்த்தக்கூடாது, பொது இடத்தில் மரம் வைக்கக்கூடாது... எல்லாவற்றுக்கும் ஒரு கூடாது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவருக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். "விதி எல்லாருக்கும் ஒன்றுதானே" என்றேன்.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. காபி கொடுத்தால் குடிப்பார், தட்டு வைத்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான். அந்த மௌனம் முடிவதற்குள் மாரடைப்பு வந்து போய்விட்டார். என்னோடு கோபமாகவே போனார்... இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தனம்மா என் எதிர் வீட்டுக்காரி. படாளத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். மகன் கடன் போட்டு இந்த வீட்டை வாங்கி, அம்மாவை அழைத்து வந்து வைத்துக்கொண்டான். ஜி.எஸ்.டி. சாலையில் பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. மருமகள் வேலைக்குப் போக, பகல் முழுக்க அவளும் தனி, நானும் தனி. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த இடம் மொட்டை மாடி.

தினமும் காலையில் ஒரு கிண்ணம் சோறு கொண்டுவந்து கைப்பிடிச் சுவரில் வைப்பாள் தனம்மா. மகனுக்குப் பிடிக்கும் என்று சில நாள் மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்திருப்பாள். "வா நைனா" என்று பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் ஒரே ஒரு குரல். நாலைந்து காக்கைகள் வந்துவிடும். அதில் ஒன்று கால் ஊனம், தத்தித் தத்தி வரும். அது தின்ற பிறகுதான் அவள் வாயில் தண்ணீர் படும். அதுதான் மகன் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அது வராத நாளில் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

நான் அமாவாசைக்கு மட்டும் வைப்பேன். பருப்பு, நெய், வடை, பாயசம் எல்லாம் இலையில் ஒழுங்காக இருக்கும். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறளும். ஒரு காக்கையும் திரும்பிப் பார்க்காது. தனம்மாவின் பழைய சோற்றைத் தின்றுவிட்டு டிஷ் ஆண்டெனா மேல் உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டிருக்கும். வயிறு நிறைந்த பறவை ஏன் வரப்போகிறது? கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு இது புரியாதா? புரிந்தது. மனம்தான் ஏற்கவில்லை.

வருஷத் திதிக்கு மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மூவரும் மாடியில் நிற்கிறோம். வெயில் ஏறுகிறது. மருமகன் கைபேசியைப் பார்க்கிறார். இலை அப்படியே இருக்கிறது. சற்றுத் தள்ளி தனம்மாவின் கிண்ணத்தைச் சுற்றி ஒரே கும்மாளம். மகள் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

"அப்பாவுக்கு இன்னும் உன் மேல கோபம் போகலை போலிருக்கும்மா."

என்ன சொன்னோம் என்றே அவள் மறந்து போயிருப்பாள். நான் இன்றைக்கும் அந்த இடத்திலேயே நிற்கிறேன்.

அது தனம்மாவின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். மறுநாள் படியில் என்னை நிறுத்தினாள்.

"நா இனிமே நீங்க வெச்சப்புறமா வெக்கிறேன் டீச்சரம்மா. எம்புள்ள பசி தாங்குவான், அதுக்கு இன்னா இப்போ."

எவ்வளவு பெரிய மனது! ஆனால் எனக்கு அன்று அது எப்படிக் கேட்டது தெரியுமா? பிச்சை போடுவதுபோல் கேட்டது. உன் புருஷன் வரமாட்டேன் என்கிறார், என் மகனின் பங்கிலிருந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்வதுபோல் கேட்டது. பரவாயில்லை என்று சிரித்துவிட்டு நேராகக் கீழே இறங்கிப் போனேன்.

சங்கச் செயலாளர் வங்கியில் மேலாளராக இருந்தவர். என்னிடம் மரியாதையாகப் பேசுவார். மாடியில் சோறு வைப்பதால் எச்சம், எலி என்று தொடங்கினேன். அவர் தலையாட்டினார், ஆனால் அசைந்து கொடுக்கவில்லை. அப்போதுதான் அதைச் சொன்னேன். மாடியில் இருக்கும் குடிதண்ணீர்த் தொட்டிக்குள் மீன் முள் கிடந்தது, என் கண்ணால் பார்த்தேன், என் பெயர் வேண்டாம் என்றேன்.

மீன் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எடுத்தேன். எங்கள் வளாகத்தில் பாதிப் பேர் வெங்காயம்கூடப் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள். அந்த ஒரு சொல் அங்கே என்ன செய்யும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சோற்றுப் பருக்கை என்று சொல்லியிருக்கலாமே... ஏன் சொல்லவில்லை? இந்தக் கேள்வியை என்னிடமே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

அன்று மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் தீப்பிடித்தது. தொட்டியைக் கழுவினார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டினார்கள். தனம்மா என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன்... ஆமாம், நான்தான் பிடித்துக்கொண்டேன்!

அவள் எழுந்து நின்று பேசினாள். மீன் குழம்புச் சோறு வைத்தது உண்மைதான், ஆனால் தொட்டி மூடித்தானே இருக்கிறது, காக்கை எப்படி மூடியைத் திறக்கும் என்று கேட்டாள். சரியான கேள்வி. பொறுப்பான ஒருவர் பார்த்திருக்கிறார் என்றார் செயலாளர், என் பக்கம் திரும்பாமல். தனம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க டீச்சரம்மா. மாடிக்கு வர்றது நம்ம ரெண்டு பேருதான். அந்தத் தொட்டி என்னிக்காவது தொறந்து கெடந்துச்சா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் போதும்... சொல்லியிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"விடுங்க தனம்மா. எல்லாரோட ஆரோக்கியமும் இருக்கே" என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். என் மேல் சந்தேகம்கூட வரவில்லை அவளுக்கு. சந்தேகப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். தனம்மா சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்துப் பார்த்தாள். யாரோ படம் எடுத்துக் குழுவில் போட்டார்கள். வெளியே போய்ச் சாலையோரம் வைத்தாள், நாய்கள் வந்தன. மருமகளுக்கு அவமானமாகிவிட்டது. அவளும் பாவம், அந்த வளாகத்தார் முகத்தில்தானே நாளைக்கும் முழித்தாக வேண்டும். இரண்டு பேருக்கும் பேச்சு தடித்தது. படாளத்தில் பூட்டிக் கிடந்த பழைய வீட்டைத் திறந்துகொள்வதாகச் சொல்லிவிட்டு, ஒரு பையோடு கிளம்பினாள் தனம்மா.

போகும்முன் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"சங்கத்துல உங்களுக்கு மதிப்பு கீது. அமாவாசைக்குச் சாவி கேட்டா குடுப்பாங்க. எம்புள்ளைக்கும் சேத்து ஒரு கை வெச்சுடுங்க."

படாளத்தில் காக்கைக்கா பஞ்சம் என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை எனக்கு.

"காக்கா எங்கயும் கீது. ஆனா அவன் ஆசப்பட்டு வாங்குன வூடு இதான். இங்கதான வந்து தேடுவான்."

கேட்டவுடனே சாவி கிடைத்தது. டீச்சர் சுத்தமாக வைப்பார் என்றாராம் செயலாளர். மாதத்தில் ஒரு நாள், அமாவாசை அன்று மட்டும், அந்தக் கதவு எனக்காகத் திறக்கும். வளாகத்தில் வேறு யாருக்கும் இந்தச் சலுகை கிடையாது.

இரண்டு இலை போடுகிறேன். ஒன்று அவருக்கு, ஒன்று தனம்மாவின் மகனுக்கு. கூப்பிடுகிறேன். முழு வகுப்பையும் அடக்கிய குரல் இது... மாடியில் காற்றோடு போகிறது. காக்கைகள் அந்த மாடியை மறந்துவிட்டன. ஏரிப் பக்கத்து மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பது தெரிகிறது. ஒன்றும் வருவதில்லை. தினமும் போட்டவள் போய்விட்டாள். மாதம் ஒரு முறை வருகிறவளை அவை எதற்காக நம்ப வேண்டும்?

வெயில் தாங்காமல் போகும்போது இரண்டு இலையையும் மடிக்கிறேன். மாடியில் எச்சில் மிச்சம் இருக்கக்கூடாது என்பது சங்கத்தின் நிபந்தனை. கீழே பச்சைக் குப்பை வாளியில் போட்டுவிட்டுக் கை கழுவுகிறேன். அதற்குள் தொலைபேசி அடித்துவிடும். படாளத்திலிருந்து தனம்மா.

"வந்தானா டீச்சரம்மா?"

வந்தான் என்கிறேன்.

"நொண்டிக்கினு வருமே, அதுவா?"

அதேதான், முதலில் அதுதான் வந்தது என்கிறேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்கும். அழுகிறாள் என்று தெரியும். பிறகு மறக்காமல் என்னையும் விசாரிப்பாள். உங்க வூட்டுக்காரரு வந்தாரா என்று கேட்பாள். அவரும் வந்தார், பாயசத்தை முதலில் தொட்டார் என்கிறேன். அவளுக்கு என்ன சந்தோஷம்!

"பாத்தீங்களா டீச்சரம்மா. அவருக்குக் கோவமெல்லாம் போயிடுச்சு."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். சொன்னால் அவளுடைய மகன் மறுபடியும் பசியோடு போய்விடுவானே! இது அவளுக்காகச் சொல்லும் சாக்கா, எனக்காகவா? சொன்னால் அவள் அப்புறம் கூப்பிடமாட்டாள். சாப்பிட்டீங்களா டீச்சரம்மா என்று கடைசியில் கேட்டுவிட்டுத்தான் அவள் போனை வைக்கிறாள். மாதம் முழுவதும் என்னிடம் அதைக் கேட்கிற ஒரே குரல் அதுதான்.

நாளை அமாவாசை. சாயங்காலமே காவலாளி சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நாளைக்கும் இரண்டு இலை போடுவேன். தனம்மா கேட்பாள், வந்தார்கள் என்றுதான் நான் சொல்வேன்.