மணி அடிப்பதற்கும் மாத வாடகை

மலைமேல் வில்பட்டியில் நான் வேலை பார்த்த காரட் அறுவடைக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. விடிவதற்கு முன் மேஸ்திரி ஆளுக்கொரு மிஸ்டு கால் கொடுப்பார். யாரும் எடுக்கக் கூடாது. மணி அடித்து நின்றால் வேலை இருக்கிறது, ஜீப்புக்கு வா என்று அர்த்தம். அடிக்காவிட்டால் அன்று அறுவடை இல்லை, தூங்கலாம்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளத்தில் கல் குவாரி, ஆயக்குடியில் கொய்யாப் பெட்டி ஏற்றுவது என்று சுற்றியவன். ஒரு ஊர் சலித்தால் சொல்லாமல் கிளம்பிவிடுவேன். வில்பட்டியில் மேஸ்திரி என்னை மூட்டை தைக்க வைத்திருந்தார். காரட் கழுவுகிறவர்கள் பகலெல்லாம் குளிர்ந்த தண்ணீரில் நிற்பார்கள். மூட்டை தைப்பவன் காய்ந்த இடத்தில் உட்காரலாம், கூலியும் கொஞ்சம் கூடுதல். அந்த இடத்தை விடக் கூடாது என்று முதல்முறையாக ஓர் ஊரில் நிலைத்திருந்தேன்.

மழைக்காலத்தில் ரீசார்ஜ் முடிந்தது. சிம் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் செய்தி மேல் செய்தி வந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. வாழ்நாள் முழுக்க இன்கமிங் இலவசம் என்று சொல்லி விற்ற சிம் அது. நான் யாரையும் கூப்பிடுவதில்லை. எனக்கு வருகிற மணிக்கு நான் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? சில நாள் மணி அடிக்கவும் செய்தது. பிறகு நின்றுவிட்டது. மழையில் அறுவடையை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துத் தூங்கினேன்.

ஒரு சாயங்காலம் டீக்கடையில் நின்றபோது எங்கள் குழுப் பெண்கள் ஜீப்பிலிருந்து இறங்கினார்கள். காலெல்லாம் சேறு.

"வாங்க தொரை, தூங்கி எந்திரிச்சாச்சா?" என்றாள் ஒருத்தி.

"வேலை நடக்குதாக்கா?"

"முதுகு ஒடியுது, நடக்குதாங்கிறே! நீ ஓடிப் போயிட்டேன்னுல்ல மேஸ்திரி சொன்னாரு."

நேராக பஜாரில் ரீசார்ஜ் செய்கிற பாய் கடைக்குப் போனேன்.

"இது லைஃப்டைம் சிம் பாய்."

"யாரோட லைஃப்டைம்னு அவன் சொல்லலையேண்ணே," என்று சிரித்தார். "இப்ப இன்கமிங் வரணும்னாலும் மாசாமாசம் போடணும். மாசம்னு பேருதான், இருவத்தெட்டு நாள்ல வந்து நிப்பான். என் கடையில பில்லு அடிக்கிற மிஷினுக்கும் இப்பிடித்தான் கட்டுறேன். மிஷினு என்னுது, அது ஓடுறதுக்கு வாடகை."

"எனக்கு மணி அடிச்சாப் போதும். அதுக்கு மட்டும் சின்னதா ஏதாவது இருக்கா?"

"நெட்டு, பாட்டு, படம் எல்லாம் சேத்துத்தாண்ணே வரும். மணியத் தனியாத் தர மாட்டான்."

பாதி நாள் கூலியை எடுத்துக் கொடுத்தேன். சத்திரத்தில் படுத்தால் கோரைப்பாய்க்குக் காசு, வெந்நீர் வாங்கினால் வாளிக்குக் காசு. அது நியாயம். யாரும் எடுக்காத ஒரு அழைப்புக்கு, பேசாத பேச்சுக்குக் காசு கொடுத்தது அன்றுதான் முதல்முறை.

மேஸ்திரி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஏலே, நீ இங்கனதான் இருக்கியா? ஒன் நம்பரு கெடைக்கவே இல்லயே. நீ வேற ஊர் ஊராத் திரியிறவன். கெளம்பிட்டேன்னு முடிவு பண்ணிட்டேன்."

"ரீசார்ஜ் தீந்துருச்சுங்க. ரூம்லதான் கெடந்தேன்."

"மூட்டைக்கு வேற ஆளு போட்டாச்சுப்பா. வந்தவனை எப்பிடிப் போகச் சொல்றது? கழுவுற சோலி இருக்கு. வெள்ளனே வந்துரு."

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. போன ஊர்களிலெல்லாம் சொல்லாமல் போனவன் நான். அசையாமல் கிடந்த ஊரில் என்னை ஓடிப்போனவனாக்கியது அந்த சிம் கம்பெனி.

மறுநாள் விடியுமுன் மணி அடித்து நின்றது. போனேன். புதியவன் சாக்கு விரித்து உட்கார்ந்து மூட்டை தைத்துக்கொண்டிருந்தான். நான் முழங்கால் தண்ணீரில் காரட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி வாக்கில் சட்டைப்பைக்குள் மறுபடி மணி. மேஸ்திரி மனசு மாறி, மூட்டை தைக்கிற மேட்டிலிருந்து கூப்பிடுகிறாரோ என்று ஈரக் கையோடு எடுத்தேன். இன்னும் பெரிய பிளானுக்கு மாறச் சொல்லி ஒரு பெண் குரல், பதிவு செய்து வைத்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது.