அவள் வாயில் அவர் பெயர்

எங்கள் பக்கத்தில், கட்டியவன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். எழுபதுகளில் நான் வாழ்க்கைப்பட்டுக் கலசப்பாக்கம் வந்தபோது இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஓட்டுச் சாவடியில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்ப்போம், அவர் சொல்லிவிடுவார். நான் மனசுக்குள்ளேகூட அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்ததில்லை.

ஒருத்தி மட்டும் அதை வாய் நிறையச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். என் வீட்டுக்காரருடைய அத்தை மகள். அவரைவிடச் சில மாதங்கள் மூத்தவள். அதனால்தான் இருவருக்கும் கட்டிவைக்காமல் விட்டார்கள். இல்லையென்றால் இந்த வீட்டில் எனக்கு இடமே இருந்திருக்காது என்று, வந்த புதிதிலேயே மாமியார் சொல்லிவிட்டார். அவளைப் படவேட்டில் கொடுத்திருந்தார்கள். கரும்பு வெட்டு முடிந்தால் போதும், பஸ் பிடித்து வந்துவிடுவாள். தெருவிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். இவரும் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுவார். எனக்கு வயிறு பற்றி எரியும். என்னைக் கூப்பிட இவருக்கு ‘ஏய்’ போதும், இவரைக் கூப்பிட எனக்கு ‘ஏங்க’ போதும் என்று இருந்த வீட்டில், அவர்கள் இருவரும் மட்டும் மனிதர்களைப் போலப் பேசிக்கொண்டார்கள்.

ஒரு வருஷம் அவருக்குக் காமாலை கண்டது. கண், நகம் எல்லாம் மஞ்சள். கீழாநெல்லி அரைத்து அரைத்து என் விரல்கள் பச்சையாகிக் கிடந்தன. பிழைத்தெழுந்தால் பர்வதமலை ஏறி என் கையாலேயே பால் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்தார். மார்கழியில் மலைக்குப் புறப்பட்டோம். மாமியார் யார் மூலமோ சொல்லியனுப்பியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் தேங்காய், கற்பூரத்தோடு அவள் நின்றாள்.

“இன்னா, என்னை வுட்டுட்டே போய்ட்டு வந்துர்லாம்னு பாத்தியா?” என்று என் தோளில் தட்டினாள். சிரித்தேன். வேறென்ன செய்ய?

விடிந்ததும் ஏற ஆரம்பித்தோம். உடம்பு தேறி வந்த மனுஷன், நாலடிக்கு ஒரு தரம் நின்றார். நான் தண்ணீரை நீட்டினால் “அப்பறம்” என்றார். அவள் ஓர் அதட்டல் போட்டதும் அதே தண்ணீரை வாங்கி மடமடவென்று குடித்தார். மரங்கள் முடிந்து பாறை வந்தது. அங்கே படி கிடையாது. பாறையில் கடப்பாரைகளை அடித்து இறக்கி, சங்கிலி கட்டியிருப்பார்கள். கீழே பார்க்காமல் ஏற வேண்டும். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அரோகரா போட்டபடி முன்னால் ஏறிப்போனாள். நான் பால் தூக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஏறினேன்.

உச்சியில் குளிர்காற்று அவருக்குத் தாங்கவில்லை. கும்பிட்டுவிட்டு, கடப்பாரைப் படிக்குக் கீழே காத்திருப்பதாகச் சொல்லி முன்னதாகவே இறங்கிவிட்டார்.

அந்தக் கோயிலில் நடுவில் பூசாரி கிடையாது. யாரும் உள்ளே போய்த் தங்கள் கையாலேயே சாமிக்கு ஊற்றலாம். அதற்காகத்தான் அந்த மலையை வேண்டிக்கொண்டேன். இந்த ஒன்றாவது எனக்கும் சாமிக்கும் இடையில் இருக்கட்டும், மூன்றாவது ஆள் வேண்டாம் என்று. பூசாரி இல்லையென்றால் யார் பேருக்கு என்பதையும் நானே என் வாயால் சொல்ல வேண்டும் என்பது என் புத்தியில் உறைக்கவேயில்லை.

தூக்கைத் தூக்கினேன். வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. பின்னால் நின்றவர்கள் “யார் பேருக்கும்மா? சொல்லி ஊத்துங்க” என்று நெருக்கினார்கள். பக்கத்திலிருந்து அவள் அவர் பெயரைச் சொன்னாள். ராசி சொன்னாள். நட்சத்திரமும் சொன்னாள், அது எனக்கே சரியாகத் தெரியாது. பால் சாமிமேல் கொட்டிவிட்டது.

“பாலை ஊத்துனா ஆச்சா? யாருக்குன்னு சாமிக்குத் தெரிய வேணாமா?” என்று சிரித்தாள். அவள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. ஊற்றியது நான், சாமி காதில் விழுந்த குரல் அவளுடையது. அவள் கற்பூரம் ஏற்றக் குனிந்தபோது வெறும் தூக்கோடு தனியாக வெளியே வந்துவிட்டேன்.

அதற்குள் மேகம் இறங்கி மலையை மூடியிருந்தது. கடப்பாரைப் படியில் கொஞ்சம் இறங்கியதும் அடுத்து எங்கே கால் வைப்பதென்று தெரியவில்லை. “ஏங்க” என்றேன். கீழேயிருந்து யாரோ ஒருவர் “யாரும்மா?” என்றார். மறுபடி கூப்பிட்டேன்; வேறு யாரோ கேட்டார். ஏங்க என்றால் எந்தப் புருஷன்தான் திரும்பமாட்டான்? கால் நடுங்கியது. அவள் சொன்னால் ஆகும், நான் சொன்னால் மட்டும் ஆயுசு குறைந்துவிடுமா என்று ஆத்திரம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

உடனே குரல் வந்தது. “தோ, கீழதான் கீறேன். நீ எறங்கிடுவ, உனக்கு இன்னா பயம்? அவ எங்க? அவள வுட்டுட்டு வந்துடாத. கால் நடுங்குனாலும் வாய் தொறந்து சொல்ல மாட்டா. அவ கீழாநெல்லி அரைச்சி குடுக்கலன்னா இந்தக் காமாலைல நான் போய் சேந்துருப்பேன். கையப் புடிச்சி பதனமா இட்டுகினு வா.”

சங்கிலியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த பேச்சு அது. அதையும் அவளிடம்தான் சொன்னார்.