மீன் லொறிக்காரர் நிறுத்தாத சந்தி

கொரோனா ஊரடங்கில் எங்கள் கரைக்கு வந்துபோனது மீன் லொறி ஒன்றுதான். அதை ஓட்டியவர் புத்தளத்து முஸ்லிம் மனிதர். ஒல்லியானவர். நரைத்த தாடி முகக்கவசத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கைத் தொட்டு பிஸ்மில்லா சொல்லாமல் வண்டியை எடுக்கமாட்டார்.

ஒருநாள் காலை என் புருஷனுக்கு வாய் கோணி, ஒரு கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா தொற்றும் என்று நான் பயந்து நின்றேன். மீன் ஏற்றிக்கொண்டிருந்த லொறிக்காரர் அதை விட்டுவிட்டு வந்து, என் புருஷனைத் தூக்கி முன் சீற்றில் இருத்தினார். அன்று பிஸ்மில்லா சொன்னது வண்டி நகர்ந்த பிறகுதான்.

வழியிலுள்ள தலவிலை அன்னம்மா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தாமல் எங்கள் ஆட்கள் நோயாளியைக் கொண்டுபோவதில்லை.

"அண்ணன், சந்தியில திருப்புங்கோ. ஒரு திரி கொளுத்திட்டு ஓடிவாறன்."

"இண்டைக்கு நிக்கேலா தங்கச்சி. இருந்த இடத்திலயே கும்பிடுங்க. அன்னம்மா கோவிச்சா என்னோட கோவிக்கட்டும்."

"கொரோனா தொத்தினா?"

"அதுக்குப் பொறகு பயப்படுவோம். இதுக்கு நேரமில்ல."

பாரிசவாதம், நேரத்துக்கு வந்தீர்கள் என்றார் டொக்டர். பேச்சு கொஞ்சம் இழுத்தாலும், கறிக்கு உப்பில்லை என்று என் புருஷன் இப்போது குறை சொல்கிறார்.

கோணிய வாயைக் கண்டதுமே அது என்ன நோய் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. அவர் வீட்டில் யாரை இப்படிக் கொண்டுபோக நேரம் பிந்தியதோ? அதைக் கேட்க எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.