அக்காவுக்கு இருந்த இரண்டாவது ரத்தக்குழாய்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதம். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கோவில்பட்டியில் என் கடலைமிட்டாய்க் கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு, டயாலிசிஸுக்காக வாரந்தோறும் மதுரைக்கு ரயிலேறிக்கொண்டிருந்தேன். நாகலாபுரத்தில் வெள்ளாமை பார்க்கும் என் அக்கா, யாரும் கேட்காமலேயே, மதுரையில் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்து, "என்னுதை எடுத்து இவனுக்கு வைங்க" என்றுவிட்டாள்.

சோதனைகள் எல்லாம் பொருந்தின. கடைசியாக ஒரு ஸ்கேன். அந்தப் படங்களைக் கம்ப்யூட்டர் ஒன்றுசேர்த்து, அக்காவின் சிறுநீரகத்தைக் கையில் எடுத்துவிடலாம் போலத் திரையில் நிறுத்தியிருந்தது. டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய்தான் உள்ளே போகுமாம்; அக்காவுக்கு இரண்டு. இரண்டாவது குழாய் நூல் மாதிரி இருந்தது. வயிற்றில் சிறு துளை போட்டுத்தான் எடுக்கப்போகிறோம், அது அறுந்தால் அக்காவுக்கு ஆபத்து, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

"வேண்டாம்க்கா, நான் டயாலிசிஸ்லயே ஓட்டிக்கிடுதேன்" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "அது எங்கன இருக்குன்னுதான் முன்னாடியே தெரிஞ்சு போச்சுல்லா டாக்டரம்மா? பொறவு என்ன?" என்றாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். உள்ளே போகிற கேமரா மேடுபள்ளம் எல்லாம் காட்டும், 3டி சினிமாவுக்குப் போடுகிற மாதிரி ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்தே செய்கிறோம் என்று சொன்னார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், நான் தனியறையில் கிடந்தேன். அத்தானின் தோளைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்த அக்கா, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று வார்டே கேட்கும்படி கத்தினாள்: "ஏலே, ஒண்ணுக்குப் போச்சாலே?"

நர்ஸ் சிரித்துக்கொண்டே கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையைக் காட்டினார். நிறைந்திருந்தது. அத்தனை பேர் நடுவில் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஒருநாள், பதிவாகியிருந்த ஆபரேஷனை டாக்டரம்மா அவளுக்கும் அந்தக் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினார். பயப்படுவாள் என்று நினைத்தேன். அந்த நூல் குழாயைக் கண்டதும், "இந்த ஒல்லிப்பயலுக்கா நீ அம்புட்டுப் பயந்தே?" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஐப்பசி மழைக்கு அவளே கரிசலில் இறங்கி விதை போட்டாள். எனக்குத்தான் இன்றைக்கும், உடம்பைக் கொஞ்சம் அலட்சியமாக விடலாம் என்று தோன்றும்போதெல்லாம், இது நான் மட்டும் முடிவெடுக்கிற உடம்பில்லை என்று உறைக்கிறது.